மாடி தாங்குமா?

இந்த வீட்டில் என் பேச்சும் ஒரு தடவை எடுபட வேண்டும் என்று நான் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாடி வீடு. மாடியில் ஒரே அறை. அந்த அறை என்னுடையது. நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளன். நாள் முழுக்கப் புடவையை விரிப்பதும், வேறு கலர் இல்லையா என்று கேட்டதும் மடிப்பதுமே பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மாடியில் கேரம் பலகையைப் போட்டு, பக்கத்துத் தெரு முனிசாமியோடு ஆடுவதுதான் எனக்கு வாய்த்த ஒரே ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் தையல் வகுப்பு வைக்கப்போவதாக என் மனைவி சங்கரி அறிவித்துவிட்டாள். மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. தெருவில் பாதிப் பெண்கள் பெயரும் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகச் சேதி வந்தது எனக்குத்தான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்ன யாரும் எங்கள் வீட்டில் ஜெயித்ததில்லை. என் அம்மாவே ஜெயித்ததில்லை. ஆகவே நான் சொல்லக்கூடாது. மறுத்துப் பேச முடியாத வேறு ஒருவர் சொல்ல வேண்டும்.

அப்படி ஒருவர் கிடைத்தார். இது நடந்தது 2003-இல். பஸ் ஸ்டாண்டு பக்கம் 'கட்டட ஆய்வு சேவை' என்று புதிதாக ஒரு போர்டு தொங்கியது. உள்ளே உதயகுமார் என்ற இளம் எஞ்சினியர். சென்னையில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரில் தொழில் தொடங்கியிருந்தார். சுவர், தளம், குழாய், ஒயரிங் எல்லாவற்றையும் சோதித்து வீட்டுக்கு என்ன வியாதி என்று சொல்வது அவர் வேலை. எங்கள் ஊரில் வீடு சரியில்லை என்றால் வாஸ்துக்காரரைத்தான் தேடிப் போவார்கள். அதனால் என்னைப் பார்த்ததும் அவரே எழுந்து ஃபேனைப் போட்டார்.

மாடி தாங்காது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார். பார்த்துவிட்டே சொல்லுங்கள், ஆனால் இதையே சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போனபோது சங்கரியும் அப்படித்தான் சிரித்தாள். அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நயமாகப் பேச்சை எடுத்தேன். தையல் மெஷின் எல்லாம் கனம், நாலு பெண்கள் வந்து போகிற இடம், எஞ்சினியர் ஒருவர் பார்த்துவிடட்டும் என்றேன்.

"அவர் சொன்னா நீங்க கேட்டுப்பீங்களா?" என்றாள் சங்கரி.

"அவர் சொல்றதுதான் முடிவு. நீயும் மாத்திப் பேசக்கூடாது, நானும் மாத்திப் பேசக்கூடாது."

"சரிங்க" என்றாள். இவ்வளவு வருஷத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உதயகுமார் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல், டார்ச். மாடி அறையில் தரையைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். சுவர் மூலையில் டார்ச் அடித்தார். உத்தரத்துக்கு அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். என்ன நடிப்பு என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். கடைசியில் கையைத் தட்டிவிட்டு, இந்த அறை கல்லு மாதிரி இருக்கிறது, பத்து மெஷின் போட்டாலும் தாங்கும் என்றார்.

சங்கரிக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன்.

"கண்ணுல தூசா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மாடி தாங்கியது. என்னால்தான் தாங்க முடியவில்லை. கீழே இறங்கி வந்து ஹாலில் என் சாய்வு நாற்காலியில் விழுந்தேன். அவரை அப்படியே அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், சங்கரி விடவில்லை.

"வந்ததே வந்தீங்க, கீழயும் ஒரு கண்ணு பார்த்துடுங்கபா."

அவர் ஹாலை அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது. இப்போதாவது சொன்னபடி நடிக்கிறாரே என்று நினைத்தேன்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க" என்றார். எனக்கு இருந்த கடுப்பில் மெதுவாகத்தான் எழுந்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, நாற்காலிக்கு நேர் மேலே தளத்தில் சுத்தியலின் நுனியால் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

அரிசி மூட்டை விழுகிற சத்தம். புழுதி அடங்கியபோது, நான் தலை சாய்த்திருந்த இடத்தில் ஒரு பாளம் சிமெண்டு கிடந்தது. நாற்காலியின் கட்டை இரண்டாக முறிந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. ஹாலுக்கு மேலே இருந்தது மாடி அறை இல்லை, வெறும் மொட்டை மாடி. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி வருஷக்கணக்காகக் கசிந்து, தளத்துக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்ததாம். வெளியே பார்த்தால் தெரியாதாம்.

தினமும் பேப்பர் படிக்கிற நாற்காலி அது. சங்கரி என் பக்கத்தில் வந்து, என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது பார்த்து நாளாகிவிட்டது. உதயகுமாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லச் சொல்லி அவரைக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு அப்போது மறந்துபோனது.

மறுநாளே தளத்தைத் தாங்கச் சவுக்கு மரங்கள் வந்தன. வகுப்புக்கு முட்டுக்கட்டை போட நினைத்தவன் வீட்டு ஹாலில் வரிசையாக முட்டுக்கட்டை நின்றது. ரிப்பேர் முடியும்வரை அங்கே யாரும் உட்காரக்கூடாது என்று உத்தரவு. மாடியில் மெஷின்கள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. நான் தலையணையோடு மாடி ஏறினால், ஆம்பளை இருந்தால் பெண்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம் என்று சங்கரி படியிலேயே மடக்கினாள். வகுப்பைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க கூட்டினு வந்த ஆளுதாங்க. பத்து மெஷின் தாங்கும்னு அவர்தான் சொன்னாரு. அத மாத்திப் பேசக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

ரிப்பேர் முடிகிறவரை பின்கட்டில் கொடிக்கயிற்றுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். ஈரத் துணி சொட்டும். பொறுத்துக்கொண்டேன். ஹால் திரும்பக் கிடைக்கும், ஹாலிலும் கேரம் ஆடலாம் என்ற ஒரே நம்பிக்கை.

பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, புதுக் கம்பி கட்டிப் பூசி, வெள்ளையடித்தார்கள். உதயகுமார் மறுபடி வந்து தட்டிப் பார்த்து, இனிமேல் இந்த வீட்டிலேயே பலமான இடம் இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கடையில் இருந்தபோது போனில் இந்தச் சேதி வந்தது. பிரித்த புடவையை மடிக்கவே தோன்றவில்லை. வருகிற ஞாயிறு ஆட்டம் என்று முனிசாமிக்கு அப்போதே சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு, முனிசாமியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே கடகடவென்ற சத்தம். மாடிச் சத்தம் என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். ஹால் முழுக்க மெஷின்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண். முதல் மெஷினில் முனிசாமியின் மனைவி காந்தா. முனிசாமி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வந்த வழியே போய்விட்டான்.

"ரெண்டாவது பேட்ச் ஆரம்பிச்சாச்சுங்க" என்றாள் சங்கரி. "ஹால்தான் இப்ப ரொம்பப் பலமாமே."

அப்படியானால் நான் எங்கேதான் போவது என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"அதையும் உதயகுமார் தம்பிகிட்ட கேட்டுட்டேன். சமையல் ரூம்ல எந்தக் குறையும் இல்லையாம். பால் பொங்கிடப் போவுது, போய்ப் பாருங்க. எல்லாருக்கும் டீ."