வறுத்த மல்லாட்டை நிறம்

“மாநிறம்னு டியூப் வர்றதில்லீங்களே, டீச்சரம்மா” என்றார் பெயிண்டர் தெய்வசிகாமணி.

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் என்ன நிறம் என்று கேட்டால் ஊரில் பாதிப் பெண்கள் மாநிறம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேலும் ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே அவர் கடை. நாடகத் திரை, சாமிப் படம், கடைப் பலகை, செத்துப்போனவர்களின் முகம், எது கேட்டாலும் எழுதுவார். கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்ட பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு, டியூப்புகளை அவள் முன்னால் பரப்பினார். வெள்ளை, கருப்பு, காவி, செங்காவி, மஞ்சள், நீலம். பாதிக்கு மேல் நசுங்கி, வால்பக்கம் சுருட்டப்பட்டுக் கிடந்தன.

“சீமையில நடக்கற சண்டை முடியிற வரைக்கும் சரக்கு இவ்ளோதான். எது எதைப் பலகையில வைக்கட்டும்? நீங்களே எடுத்துக் குடுங்க.”

முப்பட்டைக் கண்ணாடி வழியே வெளிச்சம் ஏழு நிறமாகப் பிரிவதை அவள் வகுப்பில் அடிக்கடி காட்டியிருக்கிறாள். ஓர் ஆணின் முகத்துக்கு எந்தெந்த நிறம் வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

உண்மையில் அவளுக்குப் புருஷனே கிடையாது.

திண்டிவனத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. தனியாக இருக்கப்போகிறவள் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். மறுமுறை வீடு தேடி வந்தபோது, ஒலக்கூர் தாண்டியதும் ரயில் கழிவறையில் நின்று ஒரு மஞ்சள் கயிற்றைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். வண்டி ஆடியதில் முடிச்சு கோணலாக விழுந்தது. “வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்கார்” என்றாள். காசியம்மாள் வீட்டின் பின்னறை கிடைத்தது. அந்தப் பொய்யைப் பள்ளிக்கூடத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று.

காசியம்மாளும் தனியாக இருப்பவள்தான். அவள் புருஷன் ரங்கூனில். ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்ததும் அங்கே போனவர்கள் எல்லாம் நடந்தே ஊர் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை. அதற்காகக் காசியம்மாள் பொட்டை அழிக்கவுமில்லை, அழவுமில்லை.

“மெதுவா நடக்கறவரு” என்பாள்.

போன வாரம் அவள்தான் பேச்சை எடுத்தாள். “என் ரூமுல என் வூட்டுக்காரர் படம் மாட்டிக்கினு இருக்கறேன். உன் ரூமுல ஒண்ணுமே இல்லியே கண்ணு? தெருவுல ஒரு மாதிரி பேசிக்கினு இருக்காளுங்க. ஒரு படம் மாட்டிடு. இல்லாட்டி உன்னை வச்சிக்கினு என்னால பதில் சொல்லி மாளாது.”

அதனால்தான் தெரிந்தவர் யாரும் இல்லாத விழுப்புரத்துக்கு ரயிலேறி வந்திருந்தாள்.

“இருந்த ஒரே போட்டோ மழையில நனைஞ்சு போச்சுங்க” என்றாள்.

“பரவால்ல, சொல்லுங்க, எழுதிடலாம். உங்களைவிட செவப்பா?”

“கொஞ்சம்.”

வெள்ளை டியூப்பை எடுத்துக் கொடுத்தாள். பிறகு காவி. அவர் பலகையில் பிதுக்கிக் குழைத்தார்.

“மூக்கு?”

அவள் திகைத்துப்போய் வெளியே பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில், திண்டிவனம் வண்டியில் தினம் வரும் டிக்கட் கலெக்டர் சீனுவாசன் ஒரு கிழவரைப் பிடித்து வைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீளம்... நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கும். காது பெரிசு.”

“புருவம்?”

கிழவர் மறைத்தார். அவர் நகரும்வரை காத்திருந்தாள். “சேர்ந்திருக்கும்.”

“கண்ணு நேரா பார்க்கணுமா?”

“வேணாம்” என்றாள் அவசரமாக. “பக்கத்துல எங்கியாவது பார்க்கட்டும்.”

மூலையில் உட்கார்ந்து கிருஷ்ணாயிலில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த பெயிண்டரின் மனைவி ஜெயம் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவத் தொடங்கினாள்.

படம் வீட்டுக்கு வந்ததும் காசியம்மாள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

“என்னம்மா இது, பாலுல குளிப்பாட்டின மாதிரி இருக்கறாரு?”

“கொஞ்சம் சிவப்பு, அக்கா.”

“கொஞ்சமா? வெள்ளைக்காரத் தொரை தோத்துடுவான். பட்டாளத்துல வெயில்ல நிக்கிறவருன்னு சொன்னா நம்புவாளுங்களா? கறுக்கச் சொல்லி வாங்கிக்கினு வா.”

இருந்தும் அந்த வாரம் படம் அவள் அறையில்தான் தொங்கியது. அம்சவள்ளி சாப்பிட உட்காரும்போது அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், அது பார்க்கிற இடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லவும் சொன்னாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு இலையை மடித்தாள்.

சனிக்கிழமை விழுப்புரம் போனாள்.

“கறுப்புன்னா எந்த அளவு?” என்றார் தெய்வசிகாமணி.

ஸ்டேஷன் வாசலில் குவித்திருந்த நிலக்கடலையைப் பார்த்து, “மல்லாட்டை மாதிரி” என்றாள்.

“வேகவச்ச மல்லாட்டையா, வறுத்த மல்லாட்டையா?”

“வறுத்தது.”

“மேல் ஓடா, உள் தோலா?”

அவளுக்கு முகம் சிவந்தது. கல்யாணமானவர்கள் இதையெல்லாம் தெரிந்துதான் வைத்திருப்பார்களோ? “உள் தோல்” என்றாள். செங்காவியை அவளே எடுத்தாள். அது கொஞ்சம் அதிகமாய்த் தெரிந்தது. நுனி விரலால் கருப்பு டியூப்பையும் நகர்த்தி வைத்தாள்.

இந்தத் தடவை நிறம் கச்சிதமாக அமைந்தது. அங்கேதான் வினை வந்தது.

காசியம்மாள் ஒரு பார்வைதான் பார்த்தாள். “அடியம்மா! இது நம்ம டிக்கட் கலெக்டர் சீனுவாசன் இல்ல?”

வெள்ளையாக இருந்தவரைக்கும் தெரியாமல் இருந்த ஜாடை, நிறம் சரியானதும் மூக்கும் புருவமுமாக எழுந்து உட்கார்ந்துவிட்டது.

“இல்லக்கா... அவர் வேற...”

“நான் சொல்லலம்மா, தெருவே சொல்லும். அவன் பொண்டாட்டி காதுக்குப் போச்சுன்னா பெரிய பேஜாரு. கொத்தா முடியைப் புடிச்சி ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கினு போவா. பட்டாளத்துக்காரருக்குத் தாடி இருந்தா என்ன குத்தம்? தாடி வைக்கச் சொல்லு. ஜல்தி!”

தாடி வைத்தார் தெய்வசிகாமணி. புருவத்தைப் பிரித்தார். காதைச் சிறிதாக்கினார். அதற்குள் அவரிடம் வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது.

“எண்ணெய்தானே, எதுவா இருந்தா என்ன” என்று வேறொரு குப்பியிலிருந்து ஊற்றிக் குழைத்தார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. “கண்ணையும் கொஞ்சம்...” என்று சொல்ல வந்து நிறுத்தினாள்.

“கண்ணுக்கு என்னங்க?”

“நேரா பார்க்கற மாதிரி வச்சுடுங்க.”

படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மயிலம் தாண்டியதும் டிக்கட் கலெக்டர் சீனுவாசனே வந்து நின்றார்.

“என்னம்மா பார்சல்? லக்கேஜ் சீட்டு போட்டியா?”

“படம்ங்க.”

“எல்லாரும் படம்னுதான் சொல்றீங்க. பிரிச்சா உள்ள கள்ள மார்க்கெட் அரிசி இருக்குது.” பட்டென்று ஓரத்தைப் பிரித்தார். தாடி வைத்த முகம் அவரை நேராகப் பார்த்தது. அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

தாள் இன்னும் கொஞ்சம் பிரியும் சத்தம் கேட்டது.

“யாரும்மா இது? நல்ல லட்சணமான மொகம்!” என்றார் சீனுவாசன். “எங்கியோ பார்த்த மாதிரியும் இருக்குது. பெரிய மகானா?” படத்தின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அவர் இமையில் செங்காவி ஒட்டியிருந்தது.

வீட்டில் பிரித்தபோது செய்தித்தாள் பாதிதான் வந்தது. வந்த இடத்தில், கன்னம் முழுக்கப் போர்ச் செய்தி கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய எழுத்தில் பதிந்திருந்தது.

“இது என்ன எழுத்து?” என்றாள் காசியம்மாள்.

“பட்டாளத்துல... பச்சை குத்துவாங்க அக்கா.”

“மொகத்துலயா?”

அம்சவள்ளி படத்தை முகர்ந்து பார்த்தாள். தோசைக்கல் வாசனை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கி இறுகும். மல்லாட்டை எண்ணெய் அப்படியே கிடக்கும். சண்டை முடிந்தாலும் இந்த மனிதர் காயமாட்டார். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம்தான். கண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் குப்பியைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

காலையில் எழுந்தபோது தாடி நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு.

“ஐயோ, பட்டாளத்துக்காரரை எறும்பு தூக்கிக்கினு போவுதே!” என்று காசியம்மாள் ஓடி வந்தாள். கையில் மஞ்சள்தூள் டப்பா. “மஞ்சள் போட்டா ஓடிடும்.”

“வேணாம் அக்கா, ஒட்டிக்கும்...”

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிடி விழுந்துவிட்டது. எறும்பு போயிற்று. மஞ்சள் போகவில்லை. காமாலை கண்ட தாடிக்காரர் ஒருவர், கன்னத்தில் போர்ச் செய்தியோடு அவளை நேருக்கு நேராகப் பார்த்தார்.

காசியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். “சாயங்காலம் தெருப் பொம்பளைங்க விளக்கு பூஜைக்கு வர்றாளுங்க. டீச்சர் வூட்டுக்காரர் படம் பார்க்கணும்னு சொல்லிக்கினு இருக்காளுங்க. இதைப் பார்த்தா உன்னையும் நம்பமாட்டாளுங்க, என்னையும் நம்பமாட்டாளுங்க. எப்படியாவது பண்ணு கண்ணு. இல்லன்னா பெட்டியைக் கட்டு. எனக்கு வேற வழி இல்ல.”

கடைசியில் அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. கோபம் என்று அம்சவள்ளி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வண்டியில் விழுப்புரம் போனாள். படத்தைத் தட்டில் ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போனாள். எதிரே வந்த ஒரு கிழவி கும்பிட்டாள்.

தெய்வசிகாமணி படத்தை வாங்கிச் சாய்த்து வைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“இதைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா எழுதணும்ங்க. சாயங்காலத்துக்குள்ள ஆவாது.”

“ஆகணும்ங்க. வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க. திண்டிவனத்துல வேற யாரும் எனக்கு வீடு குடுக்கமாட்டாங்க. வீடு இல்லன்னா வேலையையும் விட்டுட்டுப் போகணும்.” போவதற்கு ஓர் இடம் இருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு வீட்டுக்காரரே இல்லீங்க.”

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தெய்வசிகாமணி நிமிராமல் டியூப்புகளைப் பொறுக்கினார். “தெரியும்ங்க. வூட்டுக்காரர் இருக்கறவங்க நிறம் சரியில்லன்னு என்கூட சண்டைக்கு வருவாங்க. நீங்க, என்ன நிறம் வைக்கலாம்னு என்னைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தீங்க.”

“அப்ப ஏன் கேட்கல?”

“கேட்டா தொழில் நடக்குமாங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலில் இருந்த மஞ்சள் கண்ணில் பட்டு எரிந்தது. “போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அவங்களாவது புருஷனுக்காகக் காத்திருக்கறவங்க. அவங்களை எனக்காகத் தெருவுல பொய் சொல்ல வச்சேன்.”

மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த ஜெயம் கையை நிறுத்தினாள். “யாரு வூட்டுலம்மா இருக்கறீங்க?”

“குளத்துத் தெருவுல. காசியம்மாள்னு. வீட்டுக்காரர் ரங்கூன்ல...”

“ஏய், சும்மா கெட” என்றார் தெய்வசிகாமணி மனைவியைப் பார்த்து.

ஜெயத்தால் சும்மா இருக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

“காசியம்மாவா? அவங்களுக்கா பயப்படுறீங்க? அந்த ரங்கூன்காரரு பொறந்ததே இந்தப் பலகை மேலதாம்மா!”