கொஞ்சம் இயல்பாப் பேசு, லலிதா

"நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. நான் இங்க இல்லேன்னு நெனச்சுண்டு இயல்பாப் பேசு" என்றார் சேஷு.

லலிதா கையில் கரண்டியோடு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை பெங்களூரில். வீட்டில் இருப்பது இவர் ஒருத்தர். இவரும் இல்லையென்று நினைத்துக்கொண்டால் சுவரோடுதான் பேச வேண்டும்.

சேஷுவுக்கு அவர் கவலை. பேங்க் உத்தியோகமெல்லாம் சோற்றுக்கு. ராஸ்தாபேட் தமிழ்ச் சபாவின் பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதுகிறவர் என்பதுதான் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமை போன பொங்கலோடு சந்தி சிரித்தது. மேடையில் புருஷன் சாகக் கிடக்கிறான், கதாநாயகி கதறுகிறாள்: "அன்பரே, என் ஆருயிர் தவிக்கின்றதே!" முன்வரிசையில் ஒரு மாமி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், ஹாலே உருண்டு புரண்டது. மராத்தி ஊரிலேயே இருந்து பழகி, வாசலில் காய்கறி வந்தால் 'பாஜிவாலா வந்திருக்கான்' என்று சொல்கிற ஜனம், ஆருயிர் என்றால் சிரிக்காமல் என்ன செய்யும்?

சபா செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணன் நயமாகத்தான் சொன்னார். இந்தத் தடவை வசனம் மனுஷர்கள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடகத்தைத் தூக்கிவிட்டு கராடிப் பக்கத்து ஐ.டி. பையன்களின் ஆர்கெஸ்ட்ராவைப் போடுவதாகக் கமிட்டி முடிவு. லலிதாவிடம் ஒருதரம் காட்டித் திருத்தி வாங்கலாமே என்றும் இழுத்தார். சேஷுவுக்கு வந்ததே கோபம். முன்பு அவள் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னதற்கு, வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போன ரோஷக்காரர்.

"அவளுக்குக் கடுகு தாளிக்கத் தெரியும். வசனம் தாளிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆக, ஒட்டுக்கேட்பதுதான் வழி என்று ஆயிற்று. எதிர் ஃப்ளாட் ப்ரியம்வதாவுக்கு ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் வேலை, சபா நாடகத்தில் கதாநாயகி வேஷம். அவள் லலிதாவைப் பார்க்க வந்தபோதெல்லாம் சேஷு பேப்பரை விரித்துக்கொண்டு சமையலறைக் கதவோரம் உட்கார்ந்தார். உள்ளே பேச்சு உடனே குசுகுசு ஆயிற்று. நடுநடுவே சிரிப்பு. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

சரியென்று பால்கனியில் நின்று கீழ்வீட்டுச் சண்டைக்குக் காது கொடுத்தார். கீழ்வீட்டு ஜம்பு நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தார். மறுநாளே பில்டிங் முழுக்கச் செய்தி: சேஷு நம்மையெல்லாம் நாடகத்தில் போடப் போகிறார். பாதிப் பேர் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மீதிப் பேர் அவரைக் கண்டால்தான் வாயைத் திறந்தார்கள். பெண்டாட்டியை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய ஜம்பு, சேஷு படியிறங்குவதைப் பார்த்து, "இல்லத்தரசியே, குடையை எடுத்து வா" என்று கணீரென்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் மிரண்டுபோய் விபூதியை எடுத்து வந்தாள்.

தீபாவளி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. ஒரு வரி தேறவில்லை. கோபத்தில்தான் மனுஷனுக்கு நிஜமான பேச்சு வரும் என்று சேஷுவுக்குத் தோன்றியது. லலிதாவைச் சீண்ட ஆரம்பித்தார். ரசத்தில் உப்பில்லை என்றார். உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள். அவள் அண்ணனைத் திட்டினார். தனக்கும் அதே அபிப்பிராயம்தான் என்றாள். கடைசியில், பாவி மனுஷன், கேபிள்காரனிடம் சொல்லி டி.வி. கனெக்‌ஷனைத் துண்டித்துவிட்டு வந்து நின்றார்.

லலிதா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"ஏன்னா, இந்த ஆத்துல நான் சொன்னது எதாவது உங்க காதுல விழுந்திருக்கா? பருப்பு தீந்துபோச்சுங்கறதைத் தவிர? எனக்கு ஜுரம்னேன், காபி எங்கேன்னேள். எங்கப்பா போய்ட்டார்னு அழுதேன், இஸ்திரிக்காரன் வந்தானான்னேள். நானே ஒருநாள் போய்ட்டாக்கூட எதிராத்துலேர்ந்து யாராவது வந்து சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும்."

வேறு யாராவது என்றால் தலை குனிந்திருப்பார்கள். சேஷு பேனாவைத் தேடி ஓடினார். குக்கர் விசிலில் நடுவே ஒரு வரி காதில் விழவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டார். லலிதா விசில் அடங்கும்வரை நின்று, அதே வரியை நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள். கோபத்தில் இருப்பவர்கள் சொன்னதையே சொல்வார்கள் என்று சேஷு ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! தினம் காபிக்குப் பிறகு லலிதா ஒரு சண்டை போட்டாள். சேஷுவுக்கு ஒரு காட்சி முடிந்தது. மார்கழிக் கடைசிச் சண்டையோடு நாடகமே முடிந்தது.

பொங்கலன்று ஹாலில் ஒருத்தரும் களுக்கென்று சிரிக்கவில்லை. 'காபி எங்கேன்னேள்' வந்தபோது பெண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. ஆண்கள் பக்கம் கூரையைப் பார்த்தது. லக்ஷ்மிநாராயணன் சால்வை போர்த்தினார். சேஷு மைக்கைப் பிடித்து, இயல்பான வசனத்தை உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது, அதற்குக் காது வேண்டும் என்று விளாசித் தள்ளினார். முன்வரிசையில் லலிதா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினாள்.

மேடைக்குப் பின்னால் ப்ரியம்வதா மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தாள். சேஷு சால்வையோடு போய் நின்றார்.

"கடைசிக் காட்சியை நேத்திக்குத்தானே உன் கையில குடுத்தேன். ஒரு வார்த்தை தடுமாறலியே நீ. பாத்தியா, வசனம் இயல்பா இருந்தா தானா மனசுல ஒட்டிக்கும்."

"நேத்திக்கா?" என்றாள் ப்ரியம்வதா, பஞ்சால் கன்னத்தைத் துடைத்தபடி. "ஆன்ட்டி எழுதிக் குடுத்து நாங்க எல்லாரும் தீபாவளிக்கே பூரா மனப்பாடம் பண்ணியாச்சு அங்கிள், உங்ககிட்ட அவங்க சண்டை போட்டு முடிக்கத்தான் வெயிட் பண்ணிட்டிருந்தோம்."