அக்னஸின் இடது பக்கக் கல்

சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் வேண்டாம், இலைச்சாறு போதும் என்று உலகத்துக்கு அறிவித்தவர் வைத்தியமணி தாயுமானவன். அந்த 'மணி' போர்டு எழுதியவர் கொடுத்தது. ஞாயிறு விடிவதற்குள் லால்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் ஜனங்கள் வந்து, ஸ்ரீரங்கத்தில் அவர் பிடித்திருந்த கல்யாண மண்டபத்தில் இடுப்பைப் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள்.

அன்று எண்பத்து நாலாம் டோக்கன் பிச்சைமுத்துவுடையது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இஞ்சினில் எது கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவார். தன் கோளாறை மட்டும் தாயுமானவன் சொல்ல வேண்டும். "குழாய்ல கல்லு அடைச்சு கிட்னி வீங்குது. தள்ளிப்போட்டா கிட்னியே போயிடும், திங்கட்கிழமை வந்து படுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிச்சைமுத்துவுக்குக் கத்தி என்றால் பயம்.

எண்பத்து மூன்று, பெரம்பூரிலிருந்து பணிமனை ஆபீசுக்கு மாற்றலாகி வந்து மூன்றே மாதமான அக்னஸ்.

"முதல்ல நான் படுக்கிறேண்ணே. எனக்குச் சரியா சொல்லிட்டாருன்னா நீங்களும் படுங்க. இல்லேன்னா நேரா ஆஸ்பத்திரி. சரியா?"

"உனக்கு ஏதும்மா கல்லு?"

"அதை அவரு சொல்லட்டும்."

வைத்தியம் எளிது. ஒரு டம்ளர் பச்சைச் சாறு. நாடி. எந்தப் பக்கம் என்று தீர்ப்பு. பிறகு வைத்தியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கும்பிடுவார், அதிலிருந்து மௌனம். இடுப்பில் இலையை அப்பி, பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சி, கிண்ணத்தில் துப்புவார். டங்! குழந்தைக்குத் தொக்கம் எடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஜனம். தொண்டையில் சிக்கிய சோற்றை வெளியே எடுக்கலாம் என்றால், இடுப்புக் கல் எம்மாத்திரம்? கல்லைக் கவரில் வாங்கிப் போய் சாமி அலமாரியில் வைத்தவர்களும் உண்டு.

அக்னஸ் சாற்றைக் குடிக்காமல் ஓரமாக வைத்தாள். தாயுமானவன் அவள் நாடியைப் பிடித்தார். "இடது பக்கம். ரெண்டு. நல்லா முத்தினது."

கும்பிட்டார். உறிஞ்சினார். டங், டங்.

"ரங்கா, ரங்கா!" என்றது கூட்டம்.

அக்னஸ் எழுந்து பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி என் தம்பிக்குக் கிட்னி குடுத்தேங்க. இடது கிட்னி. அது இப்ப திண்டுக்கல்லுல அவன் வயித்துக்குள்ள இருக்கு. அவ்வளவு தூரமா உறிஞ்சுனீங்க?"

வரிசையே கலைந்து காகிதத்தை எட்டிப் பார்த்தது.

"பச்சிலையை நான் குறை சொல்லலைங்க. முறையா சோதிச்சு நிரூபிக்கட்டும், நானே குடிக்கிறேன். இப்ப வாயைத் திறங்க."

"ஐயா மௌனங்க" என்றார் உதவியாளர்.

ஐயாவுக்கு வேர்த்தது. "அது வந்து..." என்று வாயைத் திறந்தார். டங்! இன்னொரு கல் கிண்ணத்தில் விழுந்தது. பிச்சைமுத்து இன்னும் படுக்கவே இல்லை. அவருடைய கல் வந்துவிட்டது.

பாதிக் கூட்டம் டோக்கனைக் கிழித்துப் போட்டது. லால்குடி அம்மாள் ஒருவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இல்லாத கிட்னியிலயே ரெண்டு கல்லு எடுத்திருக்காரு. இருக்கிறதுல எடுக்க மாட்டாரா?" எண்பத்தைந்தாம் டோக்கன் போய்ப் படுத்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கும்மா? இன்னைக்கே போய் அட்மிட் ஆயிடுறேன்" என்று பஸ் ஏறினார் பிச்சைமுத்து.

இடுப்பில் உள்ள கல்லை எடுக்க டாக்டர் இருக்கிறார். மண்டையில் உள்ளதை அவரவரேதான் யோசித்து எடுத்தாக வேண்டும். அதற்கு டோக்கன் கிடையாது.