மழையில்லாத நாளில் மழைக்கோட்டு

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் தம்பியின் காலணிகளைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டிலிருந்தும் மணல் கொட்டியது. இந்த நகரத்தில் கடல் இல்லை. ஆறு என்று ஒன்று இருக்கிறது, அதில் மணல் இல்லை. பிறகு மணல் எங்கிருந்து வந்தது என்று உங்கள் தம்பியைக் கேட்டால், "ஷூன்னா மண்ணு வரத்தான் செய்யும்" என்கிறார். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை என்பது எனக்கும் தெரியும். நான் நலமாக இல்லை. அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. அந்தக் கண்ணோடு அவரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் உடனே கிளம்பி வர வேண்டியிருக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் நாம் எல்லோரும் சுற்றுலாப் பேருந்தில் அருங்காட்சியகம் போனது நினைவிருக்கும். ஊரே ஓவியத்தைப் பார்க்க, உங்கள் தம்பி மட்டும் அவசர வழி என்று எழுதியிருந்த கதவைப் பார்த்தார். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடிக்காதபோதே மணியடித்து ஆட்களை ஓடவிட்டு ஒத்திகை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குபவர். "இது நிஜமாவே தொறக்குதான்னு மட்டும் பாத்துடறேன்" என்று தள்ளினார். திறந்தது. இவர் வெளியே போனார், இவரை இழுத்துவர நான் போனேன், கதவு சாத்திக்கொண்டது, வெளிப்பக்கம் பிடியே இல்லை. இரும்புப் படியில் இறங்கும்போது என் முட்டி மடங்கியது. தோட்டக்காரர்கள் இரண்டு பேர்தான் என்னைத் தூக்கிவந்தார்கள். இவர் என் கைப்பையைத் தூக்கிவந்தார். பேருந்து போயிருந்தது. அன்று சாயங்காலம் உங்கள் எல்லோர் முன்னாலும், "தீப்பிடிச்சா ஊரையே காப்பாத்துவாராம், கட்டினவளைத் தூக்க வெளியாள் வரணும். இனிமே உங்களை நம்பி வாசல் தாண்ட மாட்டேன்" என்றேன். ஒரு வருடம் நாங்கள் எங்கும் போகவில்லை.

இந்தக் கோடையில் திடீரென்று, "ஞாயித்துக்கிழமை எங்கயாவது போலாமா?" என்றார். போனோம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். இங்கேதான் சந்தேகம் ஆரம்பித்தது, அண்ணி. ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல் திரும்பினார். வெயில் ஏறும் நேரத்துக்குச் சரியாக நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. "இந்தக் கடை வேண்டாம், அடுத்த கடையில டீ நல்லாருக்கும்" என்றார், நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று இன்றும் கேட்கிற மனிதர்! நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எங்களுக்கு வரும் கோரிக்கைகளில் எதில் எல்லாமே பொருந்தி வருகிறதோ அதைத்தான் முதலில் தனியே எடுத்து வைப்போம்.

ஏரிக்குப் போனபோது படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உங்கள் தம்பியிடம், "இன்னிக்கு வேற ஆளா சார்?" என்றார். உங்கள் தம்பிக்குத் திடீரென்று தண்ணீரில் ஏதோ பறவை தெரிந்துவிட்டது. நான் விடுவேனா? "போன தடவை யாரு வந்தாங்க?" என்று கேட்டேன். "அவங்க ஒரு வார்த்தை பேசல மா. சார் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டு அப்படியே வந்தாங்க. எனக்கு வந்த சவாரியிலயே அடக்கமான சவாரி" என்றார். உங்கள் தம்பி, "அவர் தமாஷ் பண்றாரு" என்றார். படகுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் நகரம் முழுவதும் தெரியும் கோபுரம். டிக்கெட் கொடுக்கும் பெண், "என்ன சார், இன்னிக்குத் தூக்கிட்டுப் போகலையா?" என்றாள். தூக்கிக்கொண்டு! இருபது வருடத்தில் அரிசிப் பையைத் தவிர உங்கள் தம்பி எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை, அதையும் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பார். மேலே காவலாளி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, ரகசியம் போல, "சனிக்கிழமை வந்தவங்க மேல ஒரு கண்ணு வைங்க மா. நான் தூரத்துலதான் பாத்தேன். நல்ல வெயில்ல ஊதாப்பூ போட்ட மழைக்கோட்டு, தலையை வேற மூடியிருந்தாங்க" என்றார்.

ஊதாப்பூ போட்ட மழைக்கோட்டு என்னுடையது, அண்ணி. போன பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. "மழைக்கோட்டு எங்க?" என்றேன். "மழையா வருது?" என்றார். "வரலைன்னுதான் கேக்கறேன்." "அழுக்கா இருந்துச்சு, துவைக்கக் குடுத்திருக்கேன்." மழைக்கோட்டை யாராவது துவைக்கக் கொடுப்பார்களா? மழைதானே அதற்குக் குளியல்! இதற்கு முன்பே ஒரு நாள் சாப்பிடும்போது, "உன் எடை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டிருந்தார். "எதுக்கு, விக்கப் போறீங்களா?" என்றேன். "சும்மாதான்" என்றார். ஒரு பெண்ணிடம் கேட்கும் கேள்வியா அது? வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

சனிக்கிழமை எனக்கு வேலை நாள், அவருக்கு விடுமுறை. சில மாதமாக, "தொழிற்சாலையில கொஞ்சம் வேலை இருக்கு" என்று காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போகிறார். சனிக்கிழமை அவளோடு பார்த்த இடத்தையே ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டுகிறார். ஊருக்கே தெரிந்த பிறகுதான் விஷயம் எனக்கு வருகிறது.

எதையும் மனதுக்குள் போட்டு அலசுகிறவள் நான் என்று நீங்களே சொல்வீர்கள். அலசிப் பார்த்தேன். அவள் என்னைவிட இளையவளா என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள் பேசமாட்டாள் என்பதுதான் உறைத்தது. நான் பேசாமல் போன பயணம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஒருவேளை உங்கள் தம்பிக்கு இத்தனை காலமும் வேண்டியிருந்தது அந்த அமைதிதானோ?

நாளை மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்கு என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இன்று அவள் முறை. இப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. நீங்கள் வந்து அவரை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டால் அது திறக்கும். இல்லாவிட்டால் அதோடு நான் கிளம்புவேன். அவர் பயப்படுவது உலகத்தில் இரண்டே விஷயங்களுக்கு, ஒன்று மின்கசிவு, இன்னொன்று நீங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். உங்கள் தம்பிக்கு மட்டும் இந்தக் கடிதத்தில் வாழ்த்து எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பியை நம்பி வந்தவள்

பின்குறிப்பு: கிளம்பி வராதீர்கள். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

கடிதத்தைத் தபாலில் போடப் போனவள், போடாமல் பேருந்து ஏறிக் கோட்டைக்கே போனேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் எங்கள் அலுவலக முறை. படிகளின் பாதியில் ஊதாப்பூ மழைக்கோட்டு தெரிந்தது. உங்கள் தம்பி அவளை முதுகில் சுமந்து, ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் அவரை முந்தி ஏறி, இடிந்த சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் பக்கத்திலேயே இருந்த கல்பெஞ்சில் அவளை இறக்கினார். மழைக்கோட்டின் முக்காடு விலகியது. அவளுக்கு முகமே இல்லை, அண்ணி. காக்கித் துணியில் தைத்த பொம்மை. தீ ஒத்திகையில் மயங்கி விழுந்தவருக்குப் பதிலாகக் கிடத்தி, தூக்கப் பழகுவதற்குத் தொழிற்சாலையில் வைத்திருப்பார்களாமே, அதுதான். வயிற்றுத் தையல் பிரிந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "முட்டி வலிக்குதா? இங்க சாயங்காலம் வரைக்கும் நிழல் இருக்கும், மெதுவா எந்திரி" என்றார். பிறகு குரலை மெல்லியதாக்கி, "உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று அவரே பதில் சொன்னார். அது என் குரல். அச்சு அசல். பிறகு தன் குரலில், "இந்தத் தடவை நானே தூக்குவேன்டி" என்று அதன் தோளில் இருந்த மணலைத் தட்டிவிட்டார்.

நான் வந்த சுவடு தெரியாமல் இறங்கி வந்துவிட்டேன். அவர் வீடு திரும்பியபோது மழைக்கோட்டு ஆணிக்கு வந்திருந்தது. "வேலை முடிஞ்சுதா?" என்றேன். "ம்" என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

கிழித்துப் போட வேண்டிய கடிதம்தான். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் கைக்கு இது வரும்போது நாளைய பொழுது கழிந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நாளை கோட்டைப் படியின் அடியிலேயே எனக்கு முட்டி வலி வரப்போகிறது. அவர் தூக்கட்டும். பொம்மையில் அவர் நிரப்பியிருப்பது அன்று நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எடை. என் நிஜ எடை அதற்கு வெகுதூரம் மேலே. அதை அவர் முதல் படியிலேயே தெரிந்துகொள்வார். நான் மட்டும் கல்பெஞ்சு வரும்வரை வாயைத் திறப்பதாக இல்லை.