குழல் அண்ணையின் தேங்காயெண்ணெய்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து சுவிட்சர்லாந்துக்கு ஓடிவந்த தமிழர்களில், வந்த இடத்தில் துவக்குக் குழல்களைத் தேடித்தேடி வாங்கிய ஒரே மனிதர் எங்கள் குழல் அண்ணைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் அவரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவருக்கு உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. சனிக்கிழமை வந்தால் பழைய சாமான் சந்தையில் நிற்பார். இராணுவத்தினர் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் பாவித்த பழைய பிஸ்டல்களின் குழல் மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஒருமுறை கடைக்காரர் இரக்கப்பட்டு மிச்சப் பிஸ்டலையும் சும்மா கொடுக்கப் பார்த்தார். அண்ணை பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார்.

வாங்கிவந்த குழலின் ஒரு முனையைப் பஞ்சால் அடைத்து, துருப் போவதற்கென்று தேங்காயெண்ணெய் நிரப்பி வைப்பார். தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதர் வாரம் ஒரு போத்தல் வாங்குவதைப் பார்த்துத் தமிழ்க் கடைக்காரர் குழம்பிப்போனார்.

அந்த நேரத்தில் அண்ணை ஊரிலிருந்து மனைவியை அழைப்பிக்க விண்ணப்பித்திருந்தார். அறை இரண்டு பேருக்குப் போதுமா என்று பார்க்க ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. ஜன்னலோரம் நாற்பது குழல்கள் வரிசையாக நின்றன. நான் அவசரமாக அவரிடம் சொன்னேன்.

"அண்ணை, இதுகளை நிலவறையிலை ஒளிச்சு வையுங்கோ. கண்டாங்களெண்டால் அக்கா வாறதையே நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"ஏன், களவெடுத்த சாமானோ ஒளிக்க?"

ஒளிக்கவில்லை. அதற்குப் பதிலாக, கறி மணம் போகவேண்டுமென்று தை மாதக் குளிரில் காலையிலிருந்து ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்.

வந்த அதிகாரி நெடிய மனிதர். அறையை அளந்தார், குறித்துக்கொண்டார், குழல்களைக் கண்டார். பேனா நின்றுவிட்டது. ஒன்றை எடுத்துப் பஞ்சை இழுத்துவிட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"முப்பது வருடமாக இலக்குச் சுடுகிறேன். குழலுக்குள் யார் மெழுகு ஊற்றியது?"

"மெழுகு இல்லை, தேங்காயெண்ணெய். குளிருக்கு உறைந்துவிட்டது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் விளக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. "எதற்கு இத்தனை குழல்? பிஸ்டல்கள் எங்கே?"

அண்ணை என்னைப் பார்த்தார். "சொல்லு தம்பி. குழல் என்னட்டை இருந்தால் அந்தப் பிஸ்டலாலை ஒருத்தரும் சுடேலாது. நாப்பது பிஸ்டல் ஓய்ஞ்சு போச்செண்டு சொல்லு."

எனக்கே அது அன்றுதான் தெரியும். ஒருவாறு மொழிபெயர்த்தேன். அதிகாரி கையிலிருந்த குழலை ஹீட்டர் மேல் வைத்தார். எண்ணெய் உருகிச் சொட்டியது. கறி மணம் போன அறையில் இப்போது தேங்காயெண்ணெய் மணம். திரும்ப எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல குழல்" என்றார். அறை இருவருக்குப் போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது, இனித் தேங்காயெண்ணெய் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கோடையில் அக்கா வந்து சேர்ந்தார். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, அண்ணை ஒரு குழலை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே போய்க் குனிந்து நின்றார்.

"உள்ளுக்கை பாரும். வெளிச்சம் தெரியுதோ?"

"உங்கட மொட்டைதான் தெரியுது."

அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு குழல் தந்தார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.