கோட்டைச்சாமியின் தேயாத பிரேக் பேட்

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது, மலையில் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன, பன்னிரண்டு வளைவுக்கும் சேர்த்து ஒரே ஒரு மெக்கானிக் இருந்தார். அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஆண்டவன் ஆளுக்கு நான்கு கால் கொடுத்திருந்தான். அது போதாதென்று ஒரு தீபாவளிச் சலுகையில் எல்லாரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். எல்லாம் ஒரே மாடல், ஒரே சிவப்பு. வாங்கும்போது எல்லாரும், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று மறக்காமல் கேட்டார்கள். வண்டி எப்படி ஓடும் என்று கேட்டவர்களில் ஒருவருக்குக் கூட அது எப்படி நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மாரிக்கனி என்ற தேவாங்கு மட்டும் அந்த வண்டியை நிறுத்தத் தெரிந்து ஓட்டினாள். தேவாங்குகளுக்குப் பகல் வெளிச்சம் ஆகாது என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுவாள். எறும்பு வரிசை குறுக்கே போனால் கடைசி எறும்பு கடக்கும் வரை நிற்பாள். அவள் வேலை அப்படி. மலை உச்சியில் இருக்கும் குயில்களின் முட்டைகளை வாங்கி, அடிவாரத்தில் இருக்கும் காக்கைகளின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குயில்கள் தொன்றுதொட்டு இதைத் தாங்களே திருட்டுத்தனமாகச் செய்துவந்தன. காலம் மாறிவிட்டதால் இப்போது கூரியரில் அனுப்புகின்றன. அதிலுள்ள நியாய அநியாயமெல்லாம் மாரிக்கனிக்குத் தெரியாது. முட்டை உடையக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை தவறினால் அந்த வழித்தடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த வேறு ஆள் யார் என்பதும் காட்டுக்கே தெரியும். கோட்டைச்சாமி என்ற காட்டுப்பன்றி. மூன்று வருடமாக அந்த வழித்தடத்துக்கு மனு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமிக்கு முட்டை என்றால் உயிர். முட்டைக்குத்தான் அது ஆபத்து.

ஒரு திங்கட்கிழமை மாரிக்கனியின் வண்டி பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கீச்' என்றது. ஐந்தாவது வளைவில் கீச், ஆறாவது வளைவில் கீச்சுக் கீச். வழியில் நின்ற முயலும் மானும் ஒரே குரலில், "ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, சரியாப் போயிரும்" என்றன. மாரிக்கனி இருவருக்கும் தலையாட்டிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போனாள்.

மெக்கானிக் இசக்கி ஒரு எறும்புத்தின்னி. உடம்பு முழுக்கச் செதில், கை நிறையத் திறமை. ஆனால் ஒரு குணம் உண்டு. யாராவது நேரடியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொள்வார். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு நாள் முழுக்கப் பந்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் காட்டில் நிறையப் பேர்.

இசக்கி பிரேக் பேடைக் கழற்றிக் காட்டினார். "பாத்தியா தங்கச்சி. நடுவுல ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கணும். ஒனக்குப் பள்ளமே இல்ல. இன்னும் நாலு நாளு ஓட்டினா இரும்பும் இரும்பும் ஒரசும்."

"எண்ணெய் விடச் சொல்லுதாங்களேண்ணே?"

"விடு. சத்தம் போயிரும். பொறவு பிரேக்கும் போயிரும், நீயும் போயிருவ. எண்ணெய் பட்டா பேடு வழுக்கும்மா."

"சரி, புதுசு போட்டா எத்தன நாளு வரும்?"

இசக்கி சுருண்டுவிட்டார். மாரிக்கனி பொறுமையாகக் காத்திருந்தாள். பொறுமை தேவாங்கின் கூடப்பிறந்தது. ஒரு மணி நேரம் கழித்து மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"சிலருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர். சிலருக்கு இருபதாயிரம். மலைரோடு, மழை, பாரம், ஓட்டுத கை, எல்லாத்தையும் பொறுத்தது. ஆனா எங்கிட்ட பேடு இல்ல. ஆபீசுல சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் தருவாங்க."

காட்டுப் போக்குவரத்து அலுவலகத்தின் அதிகாரி ஒரு பச்சோந்தி. ஒரு கண்ணைக் கோப்பிலும் மறு கண்ணை டிபன் பாக்ஸிலும் வைத்து வேலை பார்ப்பவர். மாரிக்கனி நீட்டிய தேய்மான விண்ணப்பத்தைக் கோப்புக் கண்ணால் படித்தார்.

"போன தடவ மாட்டி எட்டு மாசத்துலயே தேஞ்சிருக்கு. விதிப்படி ரெண்டு வருஷம் வரணும். தேய்மானத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கீங்க?"

"கோட்டைச்சாமி அண்ணாச்சின்னு எழுதியிருக்கேன் ஐயா."

"அவரு எப்படிக் காரணம்?"

"அவரு வளைவுல பிரேக்கே பிடிக்க மாட்டாரு ஐயா. ஆரன அடிச்சிக்கிட்டு நடுரோட்டுல வருவாரு. நான்தான் பிடிச்சி ஓரங்கட்டணும். பன்னெண்டு வளைவுலயும் பிடிக்கேன். அவருக்கும் சேத்து நானே பிடிக்கேன்."

பச்சோந்தி சிவப்பானார். "காரணம்னா ஆள் பேரு எழுதக் கூடாது. சாலை, மழை, தலைவிதி, இந்த மூணுல ஒண்ணுதான் எழுதணும்."

சாலை என்று எழுதினால் சாலைத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்த மாதம் மழையே பெய்யவில்லை. மாரிக்கனி தலைவிதி என்று எழுதினாள்.

"தலைவிதின்னா ஜாதக நகல் இணைக்கணும். ரெண்டு பிரதி."

அத்தோடு டிபன் பாக்ஸ் கண்ணும் கோப்புக் கண்ணும் ஒன்று சேர்ந்து டிபன் பாக்ஸையே பார்க்க ஆரம்பித்துவிட்டன. மாரிக்கனி வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு பெரிய கண்ணில் கண்ணீர் வந்தால் கறுப்புக் கண்ணாடி எம்மாத்திரம்? சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

ஆனால் அவள் விண்ணப்பம் வீண் போகவில்லை. பச்சோந்தி சாப்பிட்டு முடித்ததும் அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். அடித்திருந்த கோட்டைச்சாமி பேரைப் பார்த்ததும், 'வளைவுல பிரேக்கே பிடிக்க மாட்டாரு' என்று மாரிக்கனி சொன்ன வரி அவரை உறங்க விடவில்லை. அலுவலக நேரத்தில் அவரை உறங்க விடாத முதல் வரி அதுதான். உடனே கோட்டைச்சாமியின் வண்டியைச் சோதிக்க உத்தரவு போட்டார். இசக்கி கழற்றிப் பார்த்தால், நான்கு வருடத்துப் பேட் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. பள்ளம் கூட அப்படியே இருந்தது.

பச்சோந்தி உணர்ச்சிவசப்பட்டுப் பொன்னிறமானார். "இந்தக் காட்டுலயே சிக்கனமா வண்டி ஓட்டுறது இவரு ஒருத்தர்தான்! வெள்ளிக்கிழமை அடிவாரத்துல பாராட்டு விழா. அந்தப் பேடுகளைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, மேடையில வைங்க. சனங்க பாத்துத் திருந்தட்டும்."

"எல்லாப் பேடுமா ஐயா? முன்னால உள்ளதும் பின்னால உள்ளதும் எடுத்துட்டா வண்டி எப்படி நிக்கும்?" என்றார் இசக்கி.

"விழா முடிஞ்சதும் மாட்டிக்கலாம். அது வரைக்கும் வண்டியை எடுக்காதீங்கன்னு அவருக்கு முறைப்படி கடிதம் போட்டுடறேன்."

கடிதம் முறைப்படி போடப்பட்டது. முறைப்படி வந்து சேர ஒன்பது நாள் ஆகும். விழாச் செய்தி மட்டும் அன்றைக்கே வாய்வழியாகக் கோட்டைச்சாமி காதுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மாரிக்கனியின் பிரேக் இப்போது கீச் என்ற நிலையைத் தாண்டிக் 'கர்ர்' என்றது. கூடையில் ஆறு முட்டை இருந்தது. அடிவாரத்தில் காக்கைகள் அடைக்கு உட்காரத் தயாராக இருந்தன. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கினால் முட்டையும் மிஞ்சாது, முட்டை கொண்டுபோகிறவளும் மிஞ்ச மாட்டாள். அதனால் இறக்கத்தில் பாய்ந்துவிடாதபடி வண்டியைக் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் பிடிப்பதும் விடுவதுமாக, விடியலிலேயே உச்சியிலிருந்து தள்ளிக்கொண்டு புறப்பட்டாள். தேவாங்கு தனியாக நடந்தாலே நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். இதில் வண்டியையும் தள்ளினால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டாவது வளைவுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கீழே பந்தலில் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில் கோட்டைச்சாமி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேலிருந்து கிளம்பினார். தன் பாராட்டு விழாவுக்குத் தானே வண்டியில் போனால்தான் மரியாதை என்பது அவர் எண்ணம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. எல்லா இடத்திலும் ஆரன் அடித்தார், எல்லாரும் பதறி ஒதுங்கினார்கள். பதினொரு வளைவு தாண்டியும் தன் வண்டியில் ஒரு பேட் கூட இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இருந்தபோது தொட்டிருந்தால் அல்லவா இல்லாதது தெரியும்?

பன்னிரண்டாவது வளைவில் நடுரோட்டில் மாரிக்கனி நின்றாள்.

"ஏ புள்ள! ஒதுங்கு! ஒதுங்குங்கேன்லா!"

"இந்தா ஒதுங்குதேன் அண்ணாச்சி" என்று சொல்லி மாரிக்கனி ஒதுங்கத் தொடங்கினாள். உண்மையாகவே ஒதுங்கினாள். முதலில் இடது காலை எடுத்தாள். அந்தரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, எங்கே வைக்கலாம் என்று யோசித்து, மெல்ல வைத்தாள். அதற்குள் பன்றி பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. முட்டைக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கோட்டைச்சாமி வாழ்க்கையில் முதல் முறையாகப் பிரேக்கைப் பிடித்தார். லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. காலால் மிதித்தார். மிதி தரையைத் தொட்டது. "ஐயோ!" என்று வண்டியைத் திருப்பினார். மாரிக்கனிக்கு ஒரு சாண் தள்ளி, தடுப்புக் கல்லைத் தாண்டி, பட்டு வேட்டி பறக்க, வண்டி வேறு ஆள் வேறாகக் கீழே போனார்கள். வண்டி எருமைகள் புரளும் சேற்றில் விழுந்தது. கோட்டைச்சாமி பந்தல் கூரையைப் பிய்த்துக்கொண்டு, விழா நாயகருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் சரியாக வந்து உட்கார்ந்தார்.

காடே எழுந்து நின்று கைதட்டியது. பச்சோந்தி கண்கலங்கினார். "பாருங்க! விழாவுக்கு வர்றப்பக் கூடப் பிரேக் பிடிக்காம வந்திருக்காரு. குறிச்ச நேரத்துக்கு வேற வந்திருக்காரு!" என்று மைக்கில் சொல்லி, மயங்கிக் கிடந்தவருக்குச் சால்வை போர்த்தினார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அந்த நேரம் இசக்கிக்குப் போதுமானதாக இருந்தது. மேடைக்குப் பின்னால் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கோட்டைச்சாமியின் தேயாத பேடுகளை எடுத்தார், அப்போதுதான் வந்து சேர்ந்த மாரிக்கனியின் வண்டியில் மாட்டினார். அவளுடைய தேய்ந்த பேடுகளைப் பெட்டியில் வைத்து, குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாக அப்பி மூடினார். ஆறு முட்டையும் உடையாமல் காக்கை வீடு போய்ச் சேர்ந்தது. வழித்தடம் பிழைத்தது.

அந்தப் பெட்டி இன்றும் அலுவலக வாசலில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு வருகிறவர்களையெல்லாம் பச்சோந்தி அங்கே கூட்டிப்போய், "நாலு வருஷம் ஓடுன பேட். கொஞ்சமாவது தேஞ்சிருக்கா பாருங்க" என்று கேட்பார். வந்தவர்கள் அந்த இரும்புத் தகட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு, விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கோட்டைச்சாமி இரண்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்து எழுந்தார். வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவினார். அதில் பேட் மாட்ட இசக்கியிடம் பேட் இல்லை, மாட்டச் சொல்லிக் கேட்கக் கோட்டைச்சாமிக்கும் தோன்றவில்லை. விபத்துக்குக் காரணம் ஆரன் சத்தம் பத்தாததுதான் என்று முடிவு செய்து, லாரி ஆரன் ஒன்று வாங்கிப் பூட்டிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தாவது வளைவில் அந்த ஆரன் கேட்டது. மாரிக்கனி பிரேக்கைப் பிடித்தாள். வண்டி பூப்போல நின்றது. கோட்டைச்சாமி உறுமிக்கொண்டு கடந்துபோனார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நேரே இசக்கியிடம் போனாள்.

"அண்ணே, இந்தப் பேடு எத்தன நாளு வரும்?"

இசக்கி இந்த முறை சுருளவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"கோட்டைச்சாமி அண்ணாச்சி எத்தன நாளு வண்டி ஓட்டுவாருன்னு நீ சொல்லு. நான் இத சொல்லுதேன்."

நீதி: உங்கள் பிரேக் பேட் ஆயுசுக்கும் தேயாமல் இருக்க வேண்டுமானால், எதிரே வருகிறவர் நல்லவராக இருக்க வேண்டும்.