சிவப்புப் புள்ளி ஓடுகிறது

கால் உடைந்து கிடப்பவரின் காதுக்குள் எறும்பு புகுந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விதிமுறைகளில் ஒரு வரியும் இல்லை. அந்த விதிமுறைகளை எழுதியவரே கீழே கிடந்த குமாஸ்தாதான் என்பதால், அவரால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

ஊருக்கு வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நடுவில் ஒரே ஒரு பெரிய மரம். அதன் அடியில் அவர் மல்லாந்து கிடந்தார். இடது காலின் இரண்டு பக்கமும் அலுவலகத்து மர ஸ்கேல்கள், சுற்றிலும் துணிக்கட்டு, கட்டின்மேல் முத்திரைக்கு வைத்திருந்த சிவப்பு மை. பாட்டிலைக் கொஞ்சம் தாராளமாகவே கவிழ்த்துவிட்டார். பார்ப்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும்.

கால் நன்றாகத்தான் இருந்தது. அவசர உதவி அலுவலகத்தின் புதுச் செயலிக்கு இன்று சோதனை. ஆளரவமில்லாத இடத்தில் அடிபட்டுக் கிடப்பவர் தன் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அவர் சிவப்புப் புள்ளியாகத் தெரிவார். ஆம்புலன்ஸ் பச்சைப் புள்ளி. டிரைவர் தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து முப்பது நிமிடத்துக்குள் நோயாளியைத் தூக்கிவிட வேண்டும்.

சோதனை தேறினால் இந்தப் பகுதியில் கிளை அலுவலகம் திறப்பார்கள். அதற்குக் குமாஸ்தாதான் பொறுப்பாளர். இந்தப் பகுதி ஆஸ்பத்திரியில்தான் அவர் மனைவி நர்ஸாக இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷமாக அவர் ஞாயிற்றுக்கிழமைக் கணவராகத்தான் காலம் தள்ளுகிறார். போன வாரம் மகள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நீங்க எப்போ உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

மனைவியிடம் சோதனையைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்ததும் நேரில் போய் நின்று அசத்த வேண்டும் என்று ஆசை.

போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பெண்.

"அண்ணே, சிவப்புப் புள்ளி சூப்பரா தெரியுது."

"பச்சை?"

"பச்சை இன்னும் ஷெட்டுலயே நிக்குதுண்ணே."

"டிரைவர் கிளம்பலையா?"

"வயர்லெஸ்ல கேட்டேன். கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்னுதான் சொல்றாரு."

"என்னம்மா இது! போன வாரம் நானே புதுப் போனை ஆன் பண்ணிக் குடுத்தேன். பிறந்த குழந்தையை வாங்கற மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கினாரே மனுஷன்! சரி, பூதக்கண்ணாடி என்ன பண்றாரு?"

பூதக்கண்ணாடி என்பது தலைமை அலுவலகத்து மேலதிகாரி. சோதனை தேறியதா இல்லையா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். எதையும் நம்பமாட்டார், யாரையும் நம்பமாட்டார். தன் முத்திரையைக்கூட மேசையில் விட்டுவைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைபவர்.

"காலையிலயே ரூமைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாருண்ணே. யாருக்கும் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. எல்லா போனும் ரெக்கார்ட் ஆகுமாம், இது ஒத்திகைன்னு வெளி ஆளுங்க யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாதாம்."

"தொலையட்டும். அந்த மனுஷன் கண்ணாடியில தன் மூஞ்சியைப் பார்த்தாலே அடையாள அட்டை கேப்பாரு!"

தலைக்கு மேல் மரத்தில் சலசலவென்று சத்தம். ஒரு சுள்ளி வந்து குமாஸ்தாவின் மூக்கில் விழுந்தது.

"சூ! போ அந்தப் பக்கம்!" என்று காக்காயை விரட்டினார்.

ஏழாவது நிமிடம் வண்டிச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று பல்லைக் கடித்து முனக ஆரம்பித்தார். வந்தது பால் வண்டி. ஓட்டி வந்த அம்மாள் பால் கேனை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கிற ஆகிருதி. இறங்கி ஓடிவந்தவள் மையைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இவ்வளவு ரத்தமா! யாரு பெத்த பிள்ளையோ!"

"அக்கா, பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்படித்தான் தம்பி சொல்லுவீங்க." அவள் இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "ஊர்ல குடுத்த நோட்டீஸ்லயே போட்டிருக்கு பாருங்க. 'அடிபட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார். நம்ப வேண்டாம்.' மூணாவது வரி."

குமாஸ்தாவுக்கு மூன்றாவது வரி நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த முதலுதவி நோட்டீஸை எழுதியவரும் அவர்தான். அதை ஊர் ஊராகப் போய்க் கொடுத்தபோது, ஒருத்தராவது படிக்கிறார்களா பார் என்று அலுத்துக்கொண்டதும் அவர்தான்.

"இது சும்மா ஒத்திகை, அக்கா! மை! தொட்டுப் பாருங்க!"

"அடிபட்ட இடத்தைத் தொடக் கூடாது. ஆறாவது வரி."

இதைப் பேசித் தீர்க்க முடியாது என்று அவர் ஆபரேட்டரைக் கூப்பிட்டுப் போனை அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"நீங்களே கேளுங்க. நான் நோயாளியான்னு கேளுங்க."

அம்மாள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். இந்தப் பேச்சும் ரெக்கார்ட் ஆகிறதே. ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் நிலைய அறிவிப்புக் குரலில் சொன்னாள்: "ஆமாம் அம்மா. அவர் எங்கள் நோயாளிதான். கால் முறிவு. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது."

"எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"ஷெட்டில் நிற்கிறது."

"நல்லா வந்துது போங்க!" என்ற அம்மாள், அடுத்த நொடி குமாஸ்தாவை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டாள். அவர் கையைக் காலை உதறினார். உதறிய இடது கால் மட்டும் ஸ்கேல்களின் புண்ணியத்தில் விறைப்பாக நின்றது. "பாவம், மடக்கக்கூட முடியல" என்று அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

கேன்களுக்கு நடுவே அவரைச் செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வண்டி மேட்டில் ஏறும்போது பின்னால் மரத்துப் பக்கமிருந்து தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு அலறல். வயல்வெளியே அதிர்ந்தது.

"அக்கா! அங்க யாரோ கத்தறாங்க!"

"அதிர்ச்சியில காதுல அப்படித்தான் கேக்கும் தம்பி. நாலாவது வரி."

குமாஸ்தாவின் போன் அதிர்ந்தது. செயலி கேட்டது: 'நீங்கள் நகர்கிறீர்கள். நலமாக இருக்கிறீர்களா?' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். 'ஆம்' என்றால் உதவி ரத்து, சோதனை அத்தோடு முடிந்தது. அவர் 'இல்லை'யை அமுக்கினார். 'உங்கள் அவசரத் தொடர்புக்கு இருப்பிடத் தகவல் அனுப்பப்பட்டது' என்றது செயலி.

அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று போன மாதம் அவர் மனைவியின் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். அரை நிமிடத்தில் அவள் கூப்பிட்டாள். வண்டி குலுங்கிய குலுங்கலில் அவர் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"ஏங்க! என்னாச்சு உங்களுக்கு? வயக்காட்டுல என்ன பண்றீங்க? இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

"ஆபீஸ் வேலையாத்தாம்மா வந்தேன். சும்மா கால் உடைஞ்ச மாதிரி மரத்தடியில படுத்திருந்தேன். இந்த அக்கா தூக்கிட்டுப் போறாங்க."

மனைவியின் குரல் மாறிவிட்டது. பதற்றம் போய், வார்டில் பேசுகிற நிதானம் வந்தது. "சரிங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நான் பால் வண்டிங்க!" என்று முன்னாலிருந்து பதில் போயிற்று. "ரொம்பப் பேசறாருங்க. ரத்தத்தை மைங்கறாரு."

"தலையிலதான் அடி. அக்கா, எங்கயும் நிறுத்தாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மனைவி வைத்ததும் ஆபரேட்டர் லைனில் வந்தாள். "அண்ணே! சிவப்புப் புள்ளி அறுபது கிலோமீட்டர் வேகத்துல ஓடுது! கால் உடைஞ்ச ஆளு இப்படியாண்ணே ஓடுவாரு? எல்லாம் பதிவாகுது!"

"பச்சை?"

"அசைய மாட்டேங்குதுண்ணே. வயர்லெஸ்லயும் ஆளைக் காணோம்."

குமாஸ்தா ஒரு பால் கேனைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நோயாளி ஓடுகிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. இதைப் பார்த்துப் பூதக்கண்ணாடி கையெழுத்தா போடுவார்? கிளை அலுவலகம் போயிற்று. இன்னும் எத்தனை வருஷமோ ஞாயிற்றுக்கிழமை பஸ். அவருக்கு வந்த அழுகையில் நடிப்பே இல்லை.

"வலிக்குதா தம்பி? இதோ வந்தாச்சு" என்றாள் அம்மாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தாள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் கட்டை வெட்டினாள். முதலில் ஒரு ஸ்கேல் வெளியே வந்தது. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருந்தது. அடுத்து இன்னொரு ஸ்கேல். அதற்கப்புறம் முழங்கால்வரை சிவந்த, ஒரு கீறல்கூட இல்லாத கால்.

குமாஸ்தா எல்லாவற்றையும் ஒப்பித்தார். கிளை அலுவலகத்தையும் சொன்னார், மகள் கேட்டதையும் சொன்னார்.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன்னை அசத்தலாம்னு..."

"நல்லா அசத்தினீங்க. உசுரே போயிடுச்சு எனக்கு." அவர் கையில் வலிக்கிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்புறம் அந்தக் கையை விடவே இல்லை. "போனா போகட்டும் விடுங்க. நீங்க முழுசா வந்தீங்களே."

அப்போதுதான் வாசலில் சைரன் அலறிக்கொண்டு வந்து நின்றது. ஆம்புலன்ஸ் டிரைவர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"சார், நீங்களும் வந்துட்டீங்களா? பதினேழே நிமிஷத்துல தூக்கிட்டேன் சார் உங்க நோயாளியை!"

"யாரை?"

"மரத்தடியில படுக்க வெச்சிருந்தீங்களே, அவரைத்தான். என்ன நடிப்பு சார்! உடம்பெல்லாம் இலையைச் செருகிக்கிட்டு, காலைப் பிடிச்சுக்கிட்டுப் புரள்றாரு. 'நான்தான்யா மேலதிகாரி'ங்கறாரு. நானும், 'ஆமாங்க, நான்தான் மந்திரி, பேசாமப் படுங்க'ன்னேன்."

ஸ்ட்ரெச்சரில் வந்த உருவத்தைப் பார்த்ததும் குமாஸ்தா ஒற்றைக் கால் சிவப்போடு துள்ளி எழுந்து நின்றார். காதோரம் இரண்டு இலையோடு பூதக்கண்ணாடி படுத்திருந்தார்.

மனைவி அவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் படத்தோடு வந்தாள். "ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்குங்க. நிஜமாவே."

மேலதிகாரி குமாஸ்தாவைப் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"யாருய்யா கண்ணாடியில அடையாள அட்டை கேக்கறது?"

"சார்..."

"மரத்து மேல உக்காந்து கவனிச்சுக்கிட்டிருந்தேன். நீ ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவியோன்னுதான். பால் வண்டி உன்னை அள்ளிட்டுப் போகுது. அதைத் தடுக்கலாம்னு அவசரமா இறங்கினேன். கால் வழுக்கிடுச்சு. என் போன் மரத்துலயே மாட்டிக்கிச்சு. ஈ காக்கா இல்லாத இடம். செத்தோம்னே நினைச்சேன்." அவர் காதோரத்து இலையை எடுத்து எறிந்தார். "திரும்பிப் பார்த்தா தலைமாட்டுல ஆம்புலன்ஸ்! சும்மா படுத்திருந்த உன்னை விட்டுட்டு, நிஜமா அடிபட்டவனைத் தேடிக்கிட்டு வந்திருக்குய்யா உன் செயலி! இதுக்கு மேல என்ன சோதனை வேணும்? பேனாவைக் குடு."

குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பேனாவைக் கொடுக்கிற அளவுக்கு விளங்கியது. மேலதிகாரி படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தார்.

"மை இருக்கா?"

மனைவி கீழே கிடந்த துணிக்கட்டை எடுத்து நீட்டினாள். அதில் ஒற்றி எடுத்து வைத்த முத்திரை காகிதத்தில் பளிச்சென்று பதிந்தது.

காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குமாஸ்தா வராந்தாவுக்கு வந்தார். இனிமேல் திங்கட்கிழமையும் மகள் எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், அங்கே நின்ற டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் குடும்பத்தை ஒண்ணு சேர்த்துட்டீங்க! ஆனா ஒண்ணுதான் புரியல. உங்க பச்சைப் புள்ளி ஷெட்டை விட்டு நகரவே இல்லையாம். அப்புறம் அந்தப் போனைப் பார்த்து எப்படி வழி கண்டுபிடிச்சீங்க?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் போனா சார்? வண்டித் தூசி பட்டுக் கெட்டுப் போயிடுமேன்னு, தினம் சார்ஜ் மட்டும் போட்டு, டப்பாவோட ஷெட்டு பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். மெயின் ரோட்டுல எந்தப் பக்கம் திரும்பறதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன், ஐயா போட்டாரு பாருங்க ஒரு கூப்பாடு, சத்தம் வந்த பக்கம் வண்டியை விட்டேன்."